கறிவேப்பிலைப் பாட்டும் முருகேசன் இருமலும்

சூசையப்பர் கோயில் மணி அறிய, பேகம்பூர்ப் பள்ளிவாசல் பாங்கு அறிய, அபிராமி அம்மன் சந்நிதிச் சூடம் அறிய, இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல் பொய்யென்று யாராவது நிரூபித்தால், திண்டுக்கல்லில் இதுவரை செய்த பூட்டு அத்தனையையும் இதைச் சொல்கிற வாயில் தொங்கவிட்டுச் சாவியைக் குடகனாற்றில் வீசிவிடலாம். வீசுவதற்கு முன் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும்.

பாட்டுக்காரர் சூசைமுத்துவைத் தெரியாதவர்கள் இப்போது ஊரில் பெருகிவிட்டார்கள். முப்பது முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தி அப்படியில்லை. பகலில் அவர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டுமென்று விசில் ஊதிச் சொல்லுகிற வேலை. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் பாட்டு எழுதுவார். சரணம் நீண்டுபோனால் பழனி வண்டி லேட்டாகும். எதுகை கிடைக்காத நாளில் நத்தம் வண்டி கிளம்பவே கிளம்பாது. பயணிகள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. இறங்கி வந்து ஆளுக்கொரு எதுகை சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

சாயங்காலமானால் வான்மதி மெல்லிசைக் குழு. மற்றக் குழுக்களெல்லாம் சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது சூசைமுத்து தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடினார். தபேலா வாசித்தவர் சாணார்பட்டி முருகேசன். சிநேகிதர்கள் இருவரும் ஒரே சைக்கிளில்தான் கச்சேரிக்குப் போவார்கள். சூசைமுத்து மிதிப்பார். முருகேசன் பின்னால் கேரியரில் உட்கார்ந்து தபேலாவை மடியில் வைத்துத் தாளம் போடுவார். அந்தத் தாளத்துக்குத்தான் மிதிக்க வேண்டும். ஏற்றத்தில் நிதானம், இறக்கத்தில் துரிதம். ஒருநாள் முருகேசன் ஏதோ ஞாபகத்தில் ஆதி தாளத்திலிருந்து மிஸ்ர சாப்புக்குத் தாவ, மறு நிமிஷம் இரண்டு பேரும் வாய்க்காலில் கிடந்தார்கள்.

இவர்கள் பத்துப் பாட்டுகளை ஒரு கேசட்டாகப் போட்டார்கள். பேகம்பூரில் சௌகத் அலி வைத்திருந்த ரெக்கார்டிங் சென்டரில், மாடி அறையில் பதிவு. வெளிச்சத்தம் நுழையக் கூடாதென்று சுவரெங்கும் இலவம்பஞ்சு மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிடுவார் சௌகத் அலி. பச்சை முட்டையோடு அந்த அறைக்குள் போன ஒருவர் அவித்த முட்டையோடு வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இன்னமும் உயிரோடிருக்கிறார்கள். ஆகவே எதையும் முதல் தடவையிலேயே சரியாகப் பாடிவிட வேண்டும். இரண்டாம் தடவைக்கு ஆள் மிஞ்சும் என்று சொல்ல முடியாது.

அந்தப் பத்தில் ஒன்றுதான் கறிவேப்பிலைப் பாட்டு.

வேலிக்கு மேல கைய நீட்டி – ஒரு
வெஞ்சனத்துக்குக் கறிவேப்பிலை கேட்டேன்
வீட்டுக்குள்ள யாருமில்லேன்னு – நீ
வெளக்குத் திரியத் தூண்டிவிட்டே...

இந்த இடத்தில் ஒரு நொடி மௌனம் வேண்டுமென்று சூசைமுத்து மெட்டுப் போட்டிருந்தார். அந்த மௌனத்தில் விளக்கு எரிய வேண்டும், பெண்ணின் கண் தெரிய வேண்டும், கேட்பவன் நெஞ்சு ஒரு அடி தவறி அடிக்க வேண்டும் என்பது அவர் கற்பனை. அந்த மௌனத்தில்தான் முருகேசன் இருமினார்.

கேட்ட ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டில் யாருமில்லை என்று பெண் சாடை காட்டுகிறாள், உள்ளேயிருந்து இருமல் வருகிறது. அப்படியென்றால் அப்பன்காரன் வீட்டில்தான் இருக்கிறான்! “என்னா மூளை, என்னா மூளை” என்று தெருவில் நிறுத்திக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பாட்டை எழுதியவரின் கையை அல்ல, முருகேசனின் கையை.

கல்யாண மண்டபங்களில் அந்த வரி வந்ததும் இரு வீட்டாரும் சேர்ந்து இருமுவது வழக்கமாகிவிட்டது. கன்னிவாடியில் அப்படி இருமியதில் பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுவீட்டு விருந்துவரை சாய்ந்தபடியே நின்றது. சாணார்பட்டிப் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா ஜலதோஷத்தில் யதார்த்தமாக ஒரு தடவை இரும, வந்தவர்கள் கைதட்டி அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். கொரோனா வந்த வருஷம்கூட ஒரு தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். விசாரித்தால், மொட்டைமாடியில் பத்துப் பேர் பழைய பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்களாம்.

சூசைமுத்துவுக்கு அது ஆறவே இல்லை. பதிவு முடிந்த அன்றைக்கே மாடிப்படியில் வைத்துக் கேட்டுவிட்டார்.

“ஏலே, எம் பாட்ட நாசம் பண்ணிட்டியேடா! ஒண்ணு பீடிய விடு, இல்லேன்னா தபேலாவ விடு.”

முருகேசன் தபேலாவை உறையில் போட்டுக் கட்டினார். சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டைப் படியில் வைத்தார்.

“ரெண்டையும் விட்டுட்டேன், போ.”

அன்றோடு பேச்சு நின்றது. குழுவும் கலைந்தது. பிறகு கல்யாணம், கருமாதி என்று எங்கே எதிர்ப்பட்டாலும் இருவரும் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது சூசைமுத்துவுக்கு எழுபது நெருங்குகிறது. சௌகத் அலி காலமாகிவிட்டார். அதே மாடியில் மெத்தைகளை இறக்கிவிட்டு, ஏசியும் கம்ப்யூட்டருமாக ஸ்டுடியோ நடத்துகிறவர் அவர் மகள் ரிஃபாத். அவள்தான் ஒருநாள் வீடு தேடி வந்தாள்.

“மாமா, அப்பா போட்ட கேசட்டுலயே ஒங்க பாட்டத்தான் ஜனங்க இன்னமும் கேக்குறாங்க. கடையில, வீட்டுல எங்கயும் ஒண்ணுகூடச் சிக்க மாட்டேங்குது. ஒங்ககிட்ட மாஸ்டர் டேப் இருந்தாக் குடுங்க. சுத்தம் பண்ணி, போன்ல கேக்குற மாதிரி போட்டுரலாம்.”

மாஸ்டர் டேப் கீரனூரில் மச்சினன் பிராங்கிளினிடம் இருப்பதாக ஞாபகம். சூசைமுத்து போன் போட்டார்.

“ஏனுங்க மாமா, அந்த டேப்புங்களா? அத அப்பவே சோளக்கொல்லையில கட்டிப்போட்டனுங்களே!”

கேசட் நாடாவைக் கொல்லைக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினால் காற்றில் அது விர்ரென்று அதிரும், குருவி அண்டாது என்று அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான். ஆனால் மற்றவர்கள் கொல்லையில் குருவி ஓடியது. பிராங்கிளின் கொல்லையில் கூடியது. பழனி மலையோரத்திலிருந்து கிளிகள் குடும்பம் குடும்பமாக வந்து கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு போயின. சோளம் ஒரு மணிகூட வீடு வந்து சேரவில்லை. பிராங்கிளினுக்கு அதில் வருத்தம். சூசைமுத்துவுக்கு இந்த விஷயமே இப்போது போனில்தான் தெரியும் என்றாலும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

“அப்ப எல்லாத்தையும் புதுசாப் பாடணும் மாமா. முடியுமா?” என்றாள் ரிஃபாத்.

அவர் முகம் மலர்ந்த காரணம் அவளுக்குப் புரியவில்லை. புதிதாகப் பாடினால் இருமல் இருக்காது! எழுதியபடியே, மெட்டுப் போட்டபடியே, அந்த ஒரு நொடி மௌனத்தோடு கறிவேப்பிலைப் பாட்டை உலகம் முதல் தடவையாகக் கேட்கும்.

பத்துப் பாட்டையும் ஒரே வாரத்தில் பாடினார். குரல் கொஞ்சம் கரகரத்தது. ஆனால் பாடப் பாட அறை பழைய காலமாக மாறியது. பஸ் ஸ்டாண்டில் வறுத்த கடலை வாசனை, விசிலின் எச்சில் ருசி, பாட்டுக்காரன் என்று டீக்கடையில் கிளாஸை மினுக்கித் துடைத்துத் தந்த மரியாதை என்று ஒவ்வொரு வரிக்கும் ஒன்று திரும்பி வந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சகாயராணி ஓய்வு பெற்ற டீச்சர். கணவரின் பாட்டையும் சிவப்பு மையால் திருத்திப் பழகியவர். அவரே ஒன்பது பாட்டுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்தாவது கறிவேப்பிலைப் பாட்டு. அதற்கு மட்டும் துடைக்கவில்லை. சூசைமுத்து அதைக் கவனிக்கவில்லை.

முதலில் அந்தப் பாட்டைத்தான் வெளியிட்டார்கள். பேர் பெற்றது அதுதானே. அது ஊர் வாயில் ஏறினால்தான் மற்ற ஒன்பதையும் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். இந்த முறை தவறினால் இன்னொரு முறை பாடத் தொண்டை இடம் கொடுக்குமா என்பது நிச்சயமில்லை. அவருடைய வாழ்நாள் பாட்டெல்லாம் அந்த ஒரு பாட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தன.

காலையில் வெளியானது. மத்தியானத்துக்குள் போன் சூடாகிக் கையில் பிடிக்க முடியவில்லை.

“பாட்டு நல்லாருக்கு அண்ணே. இருமல் எங்க?”

“சார், நீங்க பாதியத்தான் அனுப்பிருக்கீங்கபோல. இருமல் வரல.”

துபாயிலிருந்து ஒருவர் அழுகிற குரலில் பேசினார்: “எங்கப்பாவுக்கு அந்த எடத்துலதான் சிரிப்பு வரும். அவரு போயிட்டாரு. இப்ப நீங்க அந்த எடத்தையும் எடுத்துட்டீங்களே.”

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அருள்நாதன் ஓரமாகக் கூப்பிட்டார்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அது வேற யாரோ ஒங்க கொரல்ல பாடுனது, டூப்ளிகேட்டுன்னு ஊருக்குள்ள பேச்சு.”

“நான்தான்யா பாடுனேன்!”

“அதத்தான் நானும் சொன்னேன். நம்ப மாட்டேங்குறாங்க. சூசைமுத்துன்னா இருமிருப்பாருங்குறாங்க.”

வீட்டுக்கு வந்து சகாயராணியிடம் கொட்டினார். அவர் கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

“நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்குவீங்க.”

“சொல்லு.”

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. எலக்கணப் பிழை ஒண்ணுகூட இல்ல. ஆனா அது நம்ம பாட்டு இல்லங்க.”

அன்று சூசைமுத்து சாப்பிடவில்லை. சாயங்காலம் ரிஃபாத்திடம் போய் நின்றார்.

“தாயி, ஒரு இருமலப் போட்டுத் தொலையேன்.”

அவள் கம்ப்யூட்டரிலிருந்து விதவிதமான இருமல்களை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் வெளிநாட்டு இருமல். ஒன்று குளிர்தேசத்துக் கம்பளிக்குள்ளிருந்து வந்தது, இன்னொன்று இருமிவிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. சூசைமுத்து தானே இருமினார். “இது பாடுறவன் இருமல். அப்பன் இருமல் இல்ல” என்று சகாயராணி தள்ளிவிட்டார். கடைசியில் ரிஃபாத் இருமத் தெரிந்தவர்கள் வரலாம் என்று போனில் ஒரு செய்தி போட, மறுநாள் ஸ்டுடியோ வாசலிலிருந்து நாகல்நகர் வரை வரிசை நின்றது. ஆஸ்துமாக்காரர்கள், மூக்குப்பொடிக்காரர்கள், மேடை நாடகத்தில் ராஜாவாக நடித்தவர் ஒருவர், பரம்பரையாக இருமுகிற ஒரு குடும்பம், எல்லாரும் வந்தார்கள். சுகாதாரத் துறை வண்டி ஒன்று ஓரமாக வந்து நின்று, யாரை ஏற்றுவதென்று தெரியாமல் திரும்பிப் போயிற்று. சாயங்காலம் வரை கேட்டும் ஒன்றும் தேறவில்லை.

“எல்லாருக்கும் சளி இருக்கு மாமா. யாருக்கும் சந்தேகம் இல்ல,” என்றாள் ரிஃபாத். “அந்த இருமல்ல ஒரு சந்தேகம் இருந்துச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு.”

சூசைமுத்து நத்தம் வண்டியைப் பிடித்துச் சாணார்பட்டியில் இறங்கினார்.

முருகேசன் அன்றைக்குப் படியில் வைத்த பீடியைத் திரும்ப எடுக்கவே இல்லை. போதாததற்கு வயதான பிறகு மூச்சுப் பயிற்சி வேறு. மாந்தோப்பில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து அவர் மூச்சை இழுத்தால் எதிர்மரத்துக் கிளை இந்தப்பக்கம் சாயும், விட்டால் அந்தப்பக்கம் போகும். காற்றில்லாத நாளில் அக்கம்பக்கத்தார் நெல்லை அவருக்கு முன்னால் கொண்டுவந்துதான் தூற்றினார்கள்.

முதலில் பார்த்தவர் முருகேசன் மனைவி சிவனம்மாள்.

“யாரு, சூசையண்ணனா? வாங்கண்ணே. வழி தெரியாம வந்துட்டீகளோ?”

முருகேசன் கட்டிலை விட்டு எழவில்லை. மூச்சை மட்டும் நிறுத்தினார். தோப்பில் இலை அசையவில்லை.

“என்ன சோலி?”

“சும்மாதான். மாம்பழம் வாங்கலாம்னு.”

“இது ஐப்பசி மாசம்.”

சூசைமுத்து மரங்களை அண்ணாந்து பார்த்தார். உண்மைதான்.

“இப்பச் சொல்லிவச்சா சித்திரையில குடுக்க மாட்டியா?”

“முன்பதிவு பண்ண இது என்ன ஒம் பஸ்ஸா?”

சிவனம்மாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். “ரெண்டு பேரும் செத்த நேரம் மொறச்சுக்கிட்டு இருந்தாக் காப்பி ஆறிரும். அண்ணன் இருமல் கேட்டு வந்துருக்காரு. ஊருக்கே தெரிஞ்சது எனக்குத் தெரியாதா? இவரும் லேசுப்பட்டவர் இல்லண்ணே. புதுப் பாட்ட எம் மக போன்ல அம்புட்டு வாட்டி போடச் சொல்லிக் கேட்டாரு. கேட்டுட்டு, அந்த எடம் காலியாக் கெடக்குன்னாரு.”

“ஒன்ன யாருடி கேட்டா?” என்றார் முருகேசன்.

காப்பியைக் குடித்தார்கள். பிறகு முருகேசன் மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

“நாசமாப் போச்சுன்னு சொன்ன வாய் இருக்குல்ல? அந்த வாயால கேக்கச் சொல்லு.”

சூசைமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். பஸ்ஸில் வரும்போது சொல்வதற்கென்று அழகாக நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தார். அவை நத்தம் வண்டியோடு போய்விட்டன.

“முருகேசா, அந்த வீட்டக் கட்டுனது நான்தான். வேலி போட்டேன், வெளக்கு வச்சேன், பொண்ண வாசல்ல நிப்பாட்டுனேன். ஆனா உள்ள ஆளு குடியிருந்தது நீ இருமுனதுக்கப்பறந்தான்டா. இப்ப வீடு பூட்டிக் கெடக்கு. வந்து குடியிரு.”

முருகேசன் நிறுத்தி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. தோப்பு முழுக்கச் சலசலத்தது.

“வாடகை கேப்பியா?”

“கேக்க மாட்டேன்.”

“எம் பேரு போடணும். இருமல், முருகேசன்னு.”

“தபேலா முருகேசன்னும் சேத்தே போடுறேன்.”

“தபேலா யாரு வேணும்னாலும் வாசிக்கலாம்டா.”

மறுநாள் மூவரும் பேகம்பூருக்கு வந்தார்கள். பரணில் கிடந்த தபேலாவும் வந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து முருகேசன் இருமப் பார்த்தார். வரவில்லை. நெஞ்சில் இருமலுக்கான சாமான் எதுவுமே மிச்சமில்லை. சங்கு ஊதினதுபோல் சுத்தமான காற்றுதான் வந்தது.

“ஒரே ஒரு பீடி...” என்று சூசைமுத்து ஆரம்பித்தார்.

“பீடிய வாயில வச்சா நான் எங்கப்பன் வீட்டுக்குப் போயிருவேன்,” என்றார் சிவனம்மாள்.

“ஒங்கப்பன் போய்ச் சேந்துட்டாருல்லடி,” என்றார் முருகேசன்.

“வீடு இருக்குல்ல?”

பீடி வேண்டாமென்று ஆயிற்று. ஸ்டுடியோ வராந்தாவில் அடுப்பை மூட்டிக் குண்டு மிளகாயை வறுத்தார்கள். நெடி கிளம்பியது. ரிஃபாத் இருமினாள், சகாயராணி இருமினார், கீழே தையல்கடை இருமியது, எதிர்ச் சாரி இருமியது. மதுரையிலிருந்து வந்த பஸ் நின்று, டிரைவர், கண்டக்டர், பயணிகள் எல்லாரும் இருமிவிட்டு அப்புறம்தான் கிளம்பினார்கள். மலைக்கோட்டை மேல் ஏறிக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் பாதிவழியில் உட்கார்ந்து இருமினார்கள். அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த முருகேசன் மட்டும் மூச்சை ஆழமாக இழுத்து, “நல்ல வாசனை. இன்னைக்கு என்ன வெஞ்சனம்?” என்று கேட்டார்.

ஒருவழியாக நெடி அடங்கியது. சூசைமுத்து சோர்ந்து போய் நாற்காலியில் சாய்ந்தார்.

“அன்னைக்கு மட்டும் எப்படிடா வந்துச்சு? பீடியாலதான வந்துச்சு?”

முருகேசன் தபேலாவைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“பீடிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. கச்சேரியில நீ சுருதி எறங்குனா நான் என்ன பண்ணுவேன்?”

சூசைமுத்துவுக்கு ஞாபகம் வந்தது. மேடையில் வாயால் சொல்ல முடியாது. ஆகவே பாடுகிறவன் சுருதி இறங்கினால் தபேலாக்காரன் தொண்டையைச் செருமுவது. அது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. சபைக்குத் தெரியாது.

“அந்த வரியில நீ எறங்குனே. ரெக்கார்டிங் ஓடுதுங்குறது எனக்கு மறந்துபோச்சு. பழக்க தோஷத்துல இருமிட்டேன்.”

“நானாவது, எறங்குறதாவது! இப்பப் பாடுனேனே, எறங்குச்சா? ரிஃபாத்து, நீ சொல்லு தாயி.”

ரிஃபாத் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “எறங்குச்சு மாமா. அதே எடத்துலதான். நான் சொல்லலாமான்னு யோசிச்சு, நானே சத்தமில்லாமத் தூக்கி நிப்பாட்டிட்டேன்.”

சகாயராணி ஜன்னல் வழியாக வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

“அப்ப வழி தெரிஞ்சுபோச்சு,” என்றார் முருகேசன். “பாடு. நீ எறங்கு, நான் இருமுறேன்.”

பாடினார். ஆனால் விஷயம் தெரிந்த பிறகு குரல் இறங்க மறுத்தது. அந்த வரியில் கம்பிபோல் நேராக நின்றது. மறுபடி பாடினார், இன்னும் நேராக நின்றது. வாழ்நாளில் அவர் அப்படிச் சுத்தமாகப் பாடியதில்லை. வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தார். முருகேசன் தலையை ஆட்டிவிட்டார். “நடிக்கிறே. தொண்டைக்குத் தெரியுது.”

“இம்புட்டு வருஷமா எறங்குன மனுசன், இன்னைக்குன்னு பாத்து!” என்று சகாயராணி நொந்துகொண்டார்.

கம்ப்யூட்டரில் இருந்த தாளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு முருகேசன் தபேலாவை முன்னால் இழுத்து வைத்தார். “சும்மா ஒரு தடவ, நமக்காகப் பாடுவோம். ரெக்கார்டு வேணாம்.” ரிஃபாத் தலையாட்டினாள். பொத்தானை மட்டும் நிறுத்தவில்லை.

தபேலாவின் முதல் தட்டிலேயே சூசைமுத்துவின் கால்கள் தாமாக அசைந்தன. சைக்கிள் மிதிக்கிற அசைவு. முருகேசனின் விரல்களைப் பார்த்தார். முட்டிகள் வீங்கியிருந்தன. சுண்டுவிரல் மடங்கவில்லை. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மற்ற விரல்கள் வேலையைப் பங்கிட்டு வாசித்தன. வேலி வந்தது, கறிவேப்பிலை வந்தது. இத்தனை வருஷம் எதிர்ப்பந்தியில் உட்கார்ந்து தலைநிமிராமல் தின்ற சோறெல்லாம் பந்தி பந்தியாகக் கண் முன்னால் வந்தது. சுருதி என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

வீட்டுக்குள்ள யாருமில்லேன்னு – நீ
வெளக்குத் திரியத் தூண்டிவிட்டே...

குரல் மெல்லச் சரிந்து கீழே போயிற்று.

முருகேசன் இருமினார்.

சந்தேகம், கண்டிப்பு, பாசம், கொஞ்சம் பரிகாசம் எல்லாம் சேர்ந்த, வீட்டுக்கு உள்ளேயிருந்து வருகிற இருமல். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சகாயராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சூசைமுத்து பாட்டை நிறுத்தவில்லை. அடுத்த அடியைச் சரியான சுருதியில் எடுத்தார்.

ரிஃபாத் அதில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தாமல் வெளியிட்டாள். ஊர் பழையபடி இருமத் தொடங்கியது. துபாய்க்காரர் போன் செய்து, பேசாமல், சிரித்துவிட்டு மட்டும் வைத்தார். மற்ற ஒன்பது பாட்டையும் ஜனங்கள் தேடித் தேடிக் கேட்டார்கள். “அவன் இருமட்டும்னுதான் எறக்குனேன்” என்று சூசைமுத்து இன்றுவரை டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்; பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முருகேசன் அதற்கும் ஒரு தடவை செருமுகிறார்.

போன மாதம் கன்னிவாடியில் வினோலியா என்பவர் வீட்டில், உறைகூடப் பிரிக்காத அந்தப் பழைய கேசட் ஒன்று கிடைத்தது. போட்டுக் கேட்டதில், கறிவேப்பிலைப் பாட்டில் இருமலே இல்லை. அப்படியானால் இத்தனை வருஷம் ஊரே கேட்டுச் சிரித்தது எந்த இருமல் என்று பூட்டோடு வருகிறவர்கள், ஆற்றில் தண்ணீர் வரும்வரை பொறுத்துக்கொள்ளவும்.